வெறுங்கல் போடாத காலை

போன மாதம் தர்ஷினி என்றொரு பெண் கைப்பேசியில் கூப்பிட்டாள். பாகான் செராய்க்காரி. ஜியாலஜி படித்துவிட்டுத் தங்கம் தேடும் கம்பெனி ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். ஈப்போவுக்குப் பக்கத்தில் லகாட்டில் நான் இருபத்தைந்து வருடம் உழைத்த அதே சாம்பிள் ரூமில்தான் அவளுக்கும் வேலை. தங்க விலை ஏறினாலும் ஏறியது, கைவிட்ட குழிகளை எல்லாம் மறுபடியும் தோண்ட ஆள் கிளம்பிவிட்டார்கள். என் மச்சான்கூடப் போன வாரம், வீட்டுக்குப் பின்னால் ஓடும் சாக்கடையில் மண்ணை அலசினால் ஏதாவது தேறுமா என்று கேட்டான். கொசு தேறும் என்றேன்.

தர்ஷினிக்கு வேறு சந்தேகம். அந்த அறையின் சுவரில் ஒரு போர்டு தொங்குகிறது. மோதிரம், சங்கிலி, வளையல் எதுவும் உள்ளே வரக்கூடாது என்று தொடங்கி மூன்று மொழியில் விதிகள். கம்பெனி இரண்டு முறை கைமாறிவிட்டது, போர்டு மாறவில்லை. அதில் கடைசி விதி இது: ஆயுத பூஜையன்று எந்த இயந்திரத்திலும் பொன் வைக்கவோ உரசவோ கூடாது, பூஜைக்குப் பிறகு முதலில் வெறுங்கல்தான் போட வேண்டும்.

"அங்கிள், இப்படி ஒரு ரூல்ஸ யாரு லா யோசிச்சது?" என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். கேட்ட கேள்விக்குப் போனில் பதில் சொல்ல முடியவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்றேன். அதைத்தான் எழுதுகிறேன். அவளுக்கு எழுத உட்கார்ந்தது நீண்டுவிட்டது.

நான் சுங்கை பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள், அதாவது பட்டையைச் சீவி ரப்பர் பால் எடுத்தார்கள். ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு ஈயம் தோண்டும் லம்பத்தில் பம்பு பார்த்தேன். லம்பம் மூடியதும் பாறை துளைக்கும் கும்பலோடு குழாய் தூக்கினேன். தோளில் காய்ப்பு ஏறியது, கொஞ்சம் ஆங்கிலமும் ஏறியது. அங்கேயிருந்து சாம்பிள் ரூமுக்கு இழுத்துவந்தவர் குணசிங்கம் சார். என் படிப்பெல்லாம் அவரிடம் வாங்கிய திட்டுத்தான்.

குணசிங்கம் சார் எங்கள் ஜியாலஜிஸ்ட். பூர்வீகம் யாழ்ப்பாணம். பாட்டனார் காலத்திலேயே இங்கே வந்து ரயில்வேயில் இருந்த குடும்பம். தோட்டத்துப் பிள்ளைகளான நாங்கள் அந்த ஆட்கள் என்றால் கொஞ்சம் தள்ளித்தான் நிற்போம்; அவர்களும் தள்ளித்தான் வைத்திருந்தார்கள். இவர் தள்ளியும் வைக்கவில்லை, தோளில் கையும் போடவில்லை. என்னை 'நீர்' என்பார். கழுத்தில் கறுப்பு நூலில் கட்டிய சிறு பூதக்கண்ணாடி, சட்டைப் பையில் மூன்று பென்சில். துளைத்தெடுத்த பாறை உருளைகளைப் பெட்டியில் வரிசையாக அடுக்கி வைத்தால், ஈரப் பஞ்சால் ஒவ்வொன்றையும் துடைத்து, கண்ணாடியைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு குனிவார். அரைமணி நேரம் கல்லைப் பார்ப்பார். பிறகு என்னைப் பார்ப்பார். நான் எதையாவது உளற ஆரம்பித்தால் ஒரே வாக்கியம்தான்.

"கண்டதை முதல்ல சொல்லும். நினைச்சதைப் பிறகு கேக்கிறன்."

தங்கம் எப்படி வருகிறது என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் ஈயத்துக்கு நடுவில் வளர்ந்தவன். ஈப்போவைச் சுற்றியிருக்கும் ஈயமெல்லாம், பூமிக்குள் உருகி இறுகிய கருங்கல் மலை கொடுத்த சொத்து. தங்கமும் அப்படித்தான், எரிமலை கக்கியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பீடோர் பக்கம் ஒரு நாள் மழையில் மாட்டி, துளைக்கும் இயந்திரத்துக்குக் கட்டியிருந்த தார்ப்பாய்க்குக் கீழே ஒண்டியபோது அவர் விளக்கினார்.

ஒரு காலத்தில் இதெல்லாம் கடலடிச் சேறு. அந்தச் சேற்றில் தங்கம் உண்டு, ஆனால் ஒன்றுக்கும் உதவாத அளவில் தூவிக் கிடக்கும். இரண்டு நிலத்தட்டுகள் முட்டிக்கொள்ளும்போது சேறு மடிந்து கீழே போகிறது. ஆழம் போகப் போகச் சூடும் அழுத்தமும். சேறு பலகைப் பாறையாகிறது, இன்னும் ஆழத்தில் அபிரகம் மின்னும் பாறையாகிறது. உருகுவதில்லை, உருமாறுகிறது, அவ்வளவுதான். அந்தப் பாறையில் உள்ள சில கனிமங்கள் தங்கள் உடம்புக்குள்ளேயே தண்ணீரை வைத்திருக்கும். சூடு ஒரு கட்டத்தைத் தாண்டினால் அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்க முடியாமல் விட்டுவிடும். அந்தக் கொதிநீரில் கந்தகம் கலந்திருக்கும். சும்மா இருக்கும் தண்ணீரில் தங்கம் கரையாது. கந்தகம் கைகொடுத்தால் கரையும். அப்படித் துளித்துளியாகச் சேர்த்துக்கொண்டு, பாறையின் பெரிய வெடிப்புகள் வழியாகத் தண்ணீர் மேலே ஏறும்.

மேலே வழி அடைத்திருந்தால் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ஒரு நிலநடுக்கம் வரும், வெடிப்பு திறக்கும், பிரஷர் குக்கரில் விசில் வந்த மாதிரி அழுத்தம் சட்டென்று இறங்கும். தண்ணீரில் கரைந்திருந்தது வெள்ளைக் குவார்ட்ஸ் கல்லாகப் படிந்து வெடிப்பை மறுபடி அடைத்துவிடும். திரும்ப அழுத்தம், திரும்ப நடுக்கம். நூறு தடவை திறந்து நூறு தடவை மூடிய வெடிப்பில் குவார்ட்ஸ் வரிவரியாக இருக்கும். பக்கத்துப் பாறையில் இரும்பு இருந்தால் கந்தகம் தங்கத்தை விட்டுவிட்டு இரும்போடு சேர்ந்துகொள்ளும். துணை போனதும் தங்கம் அங்கேயே விழுந்துவிடும். அதனால்தான் தங்கம் விழுந்த இடத்தில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பளபளப்பான கனிமங்கள் இருக்கும். அதில் ஆர்செனிக் கலந்தது ஒன்று உண்டு. சுத்தியால் தட்டினால் பூண்டு வாசம் அடிக்கும். எங்களுக்கு அந்த வாசம்தான் சாம்பிராணி. தங்கம் தனியாக வராது, வந்த வழியில் அடையாளம் வைத்துவிட்டுத்தான் வரும் என்பார் சார்.

இனி சாம்பிள் ரூம். பாறை உருளையை நீளவாக்கில் இரண்டாக அறுப்போம். ஒரு பாதி பெட்டிக்கே திரும்பிப் போகும், யாரும் தொடக்கூடாது. மறுபாதி துணிப்பையில், நம்பர் சீட்டோடு. அடுப்பில் காயவைத்து, இரும்புத் தாடை வைத்த நொறுக்கு இயந்திரத்தில் கடலைப் பருப்பளவுக்கு உடைத்து, பிறகு மாவாக அரைத்து, சிறு பொட்டலமாக்கிச் சோதனைக்கு அனுப்புவோம். ஒரு மூட்டைக் கல்லில் கடுகளவு தங்கம் இருந்தாலே நல்ல செய்தி என்கிற தொழில் இது. ஒரு கல்லின் தூசி அடுத்த கல்லில் ஒட்டினால் கணக்கே தப்பாகிவிடும். அதற்காகத்தான் வெறுங்கல். குவாரியிலிருந்து வாங்கி வந்த, தங்கமே கிடையாது என்று முன்கூட்டியே சோதித்துத் தெரிந்துகொண்ட கல். ஒவ்வொரு சாம்பிளுக்கும் நடுவில் அதைப் போட்டு அரைத்து இயந்திரத்தைத் துடைத்தெடுக்க வேண்டும். போட்டதும் நோட்டில் ஒரு வரி எழுத வேண்டும்.

அந்த அறைக்கு நான் சூப்பர்வைசர். நொறுக்கு இயந்திரத்தில் வேலை செய்தவள் விமலா. புந்தோங்கில் பிளாட் வீடு, புருஷன் சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறவர். என் தங்கச்சிக்குத் தெரிந்த பெண் என்பதால் நான்தான் அவளை வேலைக்குச் சொன்னேன். சேர்ந்த அன்றைக்கு நகைகளை எல்லாம் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு, தாலியைத் தொட்டுக்கொண்டு நின்றாள். என்ன செய்வது அண்ணே என்று கேட்டாள். எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. தாலியைக் கழற்று என்று எந்த வாயால் சொல்வது? உள்ளே போட்டு மேல்சட்டைப் பட்டனைக் கழுத்துவரை மூடிக்கொண்டால் போதும், சாரிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். சாரிடம் பேசவில்லை.

விமலா மாதிரி ஒரு வேலைக்காரியை நான் பார்த்ததில்லை. சில பேர் வெறுங்கல்லைப் பேருக்கு ஒரு கைப்பிடி போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இவள் அளந்துதான் போடுவாள், காற்றுக்குழாயால் மூலை முடுக்கெல்லாம் ஊதுவாள், நோட்டில் நேரம் போட்டுக் கையெழுத்து வைப்பாள். அவளுடைய நோட்டைச் சார் ஒருநாள் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது நல்ல கை" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பட்டம்.

பீடோர் பக்கத்துப் பழைய தோட்டத்தில் நாங்கள் துளைத்துக்கொண்டிருந்த வருடம் அது. பாதி செம்பனை, பாதி பால் வெட்டாமல் விட்ட ரப்பர். குழி மேல் குழி போட்டும் ஒன்றும் தேறவில்லை. இன்னும் இரண்டு குழி, அதோடு மூட்டை கட்டிவிடலாம் என்று மேனேஜர் லிம் சொல்லிவிட்டார். எங்கள் எல்லாருக்கும் காண்ட்ராக்ட் வேலைதான். தீபாவளி வேறு வருகிறது.

அந்த நேரத்தில் ஆயுத பூஜை வந்தது. வருடா வருடம் நாங்கள் செய்கிறதுதான். இயந்திரங்களைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை, சுண்டல். சாரும் வந்து நிற்பார். அந்த வருடம் எனக்குப் பக்தி கொஞ்சம் கூடிவிட்டது. என் கல்யாண மோதிரத்தை நொறுக்கு இயந்திரத்தின் தாடையில் வைத்து வேண்டினேன். வைத்ததோடு விட்டிருக்கலாம். சந்தனம் பூசிய அந்த இரும்பில் மோதிர விளிம்பால் அழுத்தி ஓம் என்று எழுதினேன். பொன்னால் எழுதினால் பொன் வரும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானாகவே கண்டுபிடித்த சாஸ்திரம். எல்லாரும் கும்பிட்டார்கள். சார் நெற்றியிலும் குங்குமம் இருந்தது.

மறுநாள் காலை விமலா சந்தனத்தைத் துடைத்துவிட்டு வழக்கம்போல் வெறுங்கல் வாளியைத் தூக்கினாள். நான் தடுத்தேன். பூஜை முடிந்து முதன்முதலாக ஓடும் இயந்திரத்தில் ஒன்றுமில்லாத கல்லையா போடுவது, சகுனமே சரியில்லை, நல்ல கல்லாகப் பார்த்து முதலில் போடு என்றேன். அவள் நோட்டைக் காட்டினாள். ஒரு தடவைதான், ஒன்றும் ஆகிவிடாது என்றேன். நானே பெட்டியில் தேடி, பால்வெள்ளையில் அழகாக இருந்த ஒரு குவார்ட்ஸ் பையை எடுத்துக் கொடுத்தேன். அவள் போட்டாள். நோட்டில் வெறுங்கல்லுக்கான வரியைக் காலியாக விட்டாள்.

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. அந்த ஒரு பையில் மட்டும் தங்கம். கொஞ்சநஞ்சமல்ல, மேனேஜர் லிம் எல்லாருக்கும் சாப்பாடு வாங்கிக் கொடுக்கும் அளவுக்கு. எனக்குத் தலைகால் புரியவில்லை. வேலை பிழைத்தது என்று வீட்டில் சொன்னதும், மனைவி கோயிலுக்குத் தேங்காய் வாங்கிக்கொண்டு போனாள்.

சார் மட்டும் சாப்பிடவில்லை. பெட்டியில் இருந்த மறுபாதியை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு காலை முழுக்கக் குனிந்திருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். கண்டதைச் சொல்லச் சொன்னார். வெள்ளைக் குவார்ட்ஸ் என்றேன். வரி இருக்கிறதா என்றார். இல்லை. பக்கத்துப் பாறை வெளுத்திருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா? இல்லை. பளபளப்பான கனிமம்? இல்லை. சுத்தியால் ஓரத்தில் தட்டி என் மூக்கருகே நீட்டினார். வாசம் எதுவும் இல்லை. சோதனைத் தாளிலும் ஆர்செனிக் கிடையாது.

"அப்ப தங்கம் எந்த வழியால வந்தது, சேகர்?"

மிச்சமிருந்த நொறுக்குக் கல்லை அவரே டூலாங்கில் போட்டு அலசினார். டூலாங் என்பது ஈயம் அலசும் பெரிய மரத்தட்டு. பேரா மாநிலத்தில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். கடைசியில் தட்டின் அடியில் நாலைந்து தங்கத் துகள்கள் நின்றன. தட்டையாக, இழுபட்ட மாதிரி இருந்தன. நொறுக்கும்போது இயற்கைத் தங்கமும் இப்படித் தட்டையாகும், உருவத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று ஒரு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். பதில் வந்தது. செம்பு இருந்தது. நிலத்தில் விளைந்த தங்கத்தில் வெள்ளி கலந்திருக்கும், செம்பு பேருக்குத்தான் இருக்கும். இவ்வளவு செம்பு கலப்பது நகைக்கடை. கடையில் 916 என்று முத்திரை குத்தி விற்கிற சாமான் அது.

மேனேஜர் லிம் அதற்கு ஒரே அர்த்தம்தான் வைத்திருந்தார். யாரோ வேண்டுமென்றே கல்லில் தங்கத்தைக் கலந்து கம்பெனியை ஏமாற்றப் பார்த்திருக்கிறார்கள். போலீசுக்குப் போகப் போகிறேன் என்றார். நோட்டை எடுத்துவரச் சொன்னார். காலியாக இருந்த வரி எல்லார் கண்ணிலும் பட்டது. ஏன் வெறுங்கல் போடவில்லை என்று சார் விமலாவைக் கேட்டார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். விமலா என்னைப் பார்க்கவில்லை.

"மறந்துட்டேன் சார்" என்றாள்.

கழுத்தில் இருப்பதைக் காட்டச் சொன்னார் லிம். அவள் மேல்சட்டைப் பட்டனைக் கையால் பொத்திக்கொண்டாள். காட்ட முடியாது என்று ஒரே பிடியாக நின்றாள். காட்டாததே சாட்சியாகிவிட்டது. விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று அனுப்பினார்கள். டப்பாவிலிருந்து வளையலை எடுத்து மாட்டிக்கொண்டு, சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

நான் செய்ததை மறைக்காமல் எழுதுகிறேன். முதல் இரண்டு நாள், அது அவளுடைய தாலியாகத்தான் இருக்கும் என்று நானும் நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது. மூன்றாம் நாள் குளிக்கும்போது மோதிரத்தைக் கழற்றிச் சோப்புப் போட்டேன். ஒரு பக்க விளிம்பு தேய்ந்து, இரும்பில் கீறின கோடு கோடாக இருந்தது. தண்ணீர் தலைமேல் ஓடிக்கொண்டே இருந்தது, நான் நின்றுகொண்டே இருந்தேன். எல்லாம் எனக்குப் புரிந்துவிட்டது.

அதற்குப் பிறகும் ஆறு நாள் வாயைத் திறக்கவில்லை. வேண்டுமென்று செய்ததில்லை என்று லிம் நம்பப் போவதில்லை. மகள் அந்த வருடம் பரீட்சை எழுதுகிறாள். காண்ட்ராக்ட் போனால் என் வயதில் எவன் வேலை கொடுப்பான்? விமலாவுக்கு வேறு இடத்தில் வேலை பார்த்துக் கொடுத்துவிடலாம் என்றுகூட ஒரு கணக்குப் போட்டேன். இதை எழுதும்போது என் கன்னத்தில் நானே அறையவேண்டும் போலிருக்கிறது. என்னைக் காப்பாற்ற ஒருத்தி மறந்துட்டேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள், நான் அவளுக்கு ஃபேக்டரியில் வேக்கன்சி தேடிக்கொண்டிருந்தேன்.

ஆறாம் நாள் லிம் போலீஸ் புகாருக்குத் தாள் தயார் செய்துவிட்டார் என்று தெரிந்தது. அதற்கு மேல் தாங்கவில்லை. மறுநாள் காலையில் சார் பாறைப் பெட்டிக்கு முன்னால் குனிந்திருந்தபோது போய் நின்றேன். மோதிரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். அவர் பூதக்கண்ணாடியை எடுக்கவில்லை. மோதிரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கண்டதை முதல்ல சொல்லும் என்றார். ஓம் எழுதியதில் தொடங்கி வெறுங்கல்லைத் தடுத்ததுவரை சொன்னேன். கடைசியில் அழுதுவிட்டேன். அவர் பஞ்சைப் பிழிந்து ஓரமாக வைத்தார்.

"நானும் அங்கதான் நிண்டனான்" என்றார். "நீர் எழுதினதைக் கண்டனான். வடிவாயிருக்கெண்டு நினைச்சனான். போர்டில பொன் கூடாதெண்டு எழுதினவன் நான். பூஜையெண்டதும் எனக்கும் கண் மூடிப்போச்சு."

அன்றைக்கே லிம்முக்கு அறிக்கை எழுதினார். இயந்திரத்தில் நகைத் தங்கம் ஒட்டியது தற்செயல். அறைக்கான பொறுப்பு தன்னுடையது. சூப்பர்வைசர் தானாக வந்து சொன்னார். இயந்திரத்தில் வேலை செய்த பெண் மேல் எந்தத் தவறும் இல்லை. அதைத் தமிழில் எனக்கு வாசித்துக் காட்டினார். போர்டில் அந்தக் கடைசி விதியைச் சேர்த்ததும் அவர்தான். பெட்டியிலிருந்த மறுபாதியை வேறு ஊரில் அரைத்துச் சோதித்தார்கள். எதிர்பார்த்தபடியே ஒன்றும் இல்லை. லிம் என்னைக் கத்து கத்தென்று கத்தினார், ஒரு வருடம் சூப்பர்வைசர் வேலையைப் பறித்தார், புகார்த் தாளைக் கிழித்துப் போட்டார். பீடோர்த் தோட்டத்து வேலையை மூடிவிட்டு எங்களை வேறு திட்டத்துக்கு மாற்றினார்கள். நான் பயந்த மாதிரி தெருவில் நிற்கவில்லை. அது என் நல்ல காலம், என் நல்ல குணமில்லை.

விமலாவைத் திரும்பக் கூப்பிடச் சாரே காரை எடுத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். மூன்றாம் மாடி. கதவைத் திறந்தவள் சாரைப் பார்த்ததும் உள்ளே வரச்சொன்னாள், என்னையும் சேர்த்துத்தான். உள்ளே அவள் மாமியார் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் சத்தத்தைக் குறைத்தார், தலையைத் திருப்பவில்லை.

நான் கையைக் கட்டிக்கொண்டு சொல்ல வேண்டியதைச் சொன்னேன். மோதிரம், ஓம், ஆறு நாள் சும்மா இருந்தது, எல்லாம். அவள் தரையைப் பார்த்தபடி கேட்டாள். தாலி பட்டுத்தான் ஒட்டியிருக்கும் என்று நானும் இரண்டு நாள் நினைத்தேன் என்று சொன்னபோதுதான் நிமிர்ந்தாள். கழுத்திலிருந்த கயிற்றைச் சட்டைக்கு வெளியே எடுத்துப் போட்டாள். மஞ்சள் கயிறு, அதன் நுனியில் ஒரு துண்டு மஞ்சள் கிழங்கு. பொன் என்று பொட்டளவும் இல்லை.

"வேலைக்குச் சேந்த வாரமே மாத்திட்டேன் அண்ணே. கோயில்ல வச்சு அவருதான் கட்டிவிட்டாரு. நீங்க மூடிக்கிட்டா போதும்னு சொன்னீங்க. நான் போர்டுல எழுதியிருந்ததப் படிச்சேன்."

சார் தலையைக் குனிந்துகொண்டார். அன்றைக்கே இதைக் காட்டியிருக்கலாமே என்று கேட்டேன். அத்தனை ஆம்பிளைகளுக்கு முன்னால் சட்டைப் பட்டனைக் கழற்றியா என்று கேட்டாள். கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். பொன் தாலியைக் கழற்றியதிலிருந்து மாமியார் அவளோடு பேசுவதில்லையாம். தன் பையன் ராத்திரி பகலாக மலைரோட்டில் லாரி ஓட்டுகிறான், இவள் சம்பளத்துக்காகத் தாலியைக் கழற்றிவிட்டாள் என்று. ஏழு மாதம். சமைத்து வைத்தால் சாப்பிடுவார், ஒரு வார்த்தை கிடையாது. வேலையிலிருந்து நிறுத்தியதும் அது தாலியைக் கழற்றியதற்குச் சாமி கொடுத்த தண்டனை என்று பக்கத்து வீடுவரை பேச்சு போய்விட்டது. ஒவ்வொரு நாளும் லாரி சத்தம் கீழே கேட்கும்வரை தானும் ஜன்னலைவிட்டு நகர்வதில்லை என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அவள் கண் கலங்கியது.

திங்கள் காலை வேலைக்கு வரவேண்டும், சம்பளம் எதுவும் பிடிக்க மாட்டார்கள் என்று சார் சொன்னார்.

"வாரேன் சார்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "எங்கிட்டச் சொன்னது போதும் அண்ணே. அத்தைகிட்டச் சொல்லுங்க."

மேனேஜருக்கு முன்னால் நின்றவன் அந்த அம்மாவுக்கு முன்னால் நிற்கவில்லை. தரையில் உட்கார்ந்தேன். டிவியை அவரே அணைத்தார். இது சாமி குத்தமில்லை அம்மா, என் குத்தம் என்று ஆரம்பித்தேன். பொன் ஒட்டியது என் மோதிரத்திலிருந்து. அவள் கழுத்தில் பொன்னே இல்லை, அவள் மேல் பழி ஒட்ட இடமும் இல்லை. விதி போட்டவரும் மீறினார், அதைப் பார்த்துக்கொள்ள வேண்டிய நானும் மீறினேன், அந்த அறையில் சொன்ன சொல்லைக் காப்பாற்றியவள் உங்கள் மருமகள் ஒருத்திதான் என்றேன். சார் நாற்காலியிலிருந்து எழுந்து, சேகர் சொல்வது உண்மை என்று நின்றபடியே சொன்னார். பெரிய படிப்புப் படித்த மனிதர் தன் வீட்டில் எழுந்து நின்று பேசுவதை அந்த அம்மா கவனித்தார்.

விமலா கழுத்துக் கயிற்றைக் கையில் பிடித்தபடி சுவரோரமாக நின்றிருந்தாள். அந்த அம்மா என்னையும் பார்க்கவில்லை, சாரையும் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார்.

"விமலா" என்றார். "வந்தவங்களுக்குத் தேத்தண்ணி கலக்கிக் கொண்டாம்மா."

அவள் அடுப்படிக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. அது நின்ற பிறகும் அவள் வெளியே வரவில்லை. தண்ணீர் கொதிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.